பன்றி மட்டும் மிச்சம்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் சுகம். (‘சுகம்’ என்று எழுதியது சரிதானா என்பதைக் கடிதத்தை முடித்த பிறகு நீங்களே தீர்மானிக்கலாம்.) தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும்.

கல்யாணமான ஆண்டிலிருந்து ஆண்டுக்கு ஒன்றாக நீங்கள் சேர்த்த சீன ராசி மிருகங்கள் பொறித்த வெள்ளி நாணயங்கள் பன்னிரண்டையும், வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது என்னை நம்பி ஒப்படைத்தீர்கள். அடுத்த மாதம் வந்து கண்காட்சியில் வைக்கப்போவதாக அண்மையில் சொன்னீர்கள். செவ்வாய்தோறும் பீரோவைத் திறந்து எலி முதல் பன்றி வரை சரிபார்ப்பது என் வழக்கம். போன செவ்வாய் எலியின் வாலருகே ஒரு கறுப்புப் புள்ளி. என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன், புள்ளி எலியில்தான். அத்தையிடம் காட்டினேன். “வெள்ளின்னா கறுக்கத்தான் செய்யும். பல்பொடி போட்டு ரெண்டு தேய் தேய்ங்க, இதுக்கெல்லாம் என்னைக் கூப்பிடணுமா” என்றாள். எலி இருந்த பிளாஸ்டிக் டப்பியைத் திறந்து, அதை வெளியே எடுத்துத் தேய்த்தேன். எலி பளபளத்தது, பக்கத்தில் எருது அழுக்காகத் தெரிந்தது. எருதைத் தேய்த்ததும் புலி மங்கிற்று. பாரபட்சம் கூடாதே என்று முயல், டிராகன், பாம்பு என வரிசை தவறாமல் போய், நாயோடு பல்பொடி தீர்ந்துபோச்சு.

ஒரு திருப்திக்காக நாணயக் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். பூதக்கண்ணாடியில் ஒவ்வொன்றாகப் பார்த்தவர், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். “பெரியவரே, சேகரிக்கிறவங்க இதைத் துணியால கூடத் தொடமாட்டாங்க. பதினொண்ணுலயும் கீறல். இனி இது வெறும் வெள்ளி” என்றார். பன்றியைப் பார்த்ததும்தான் அவர் முகம் தெளிந்தது. “இது மட்டும் அச்சடிச்ச அன்னிக்கு இருந்த மாதிரியே இருக்கு. கிடைக்கிறதே அபூர்வம். இது ஒண்ணு போதும், உங்க மாப்பிள்ளை கண்காட்சியில தலைநிமிர்ந்து நிப்பார். நீங்க அது பக்கத்துல மூச்சுகூட விடாதீங்க.”

அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதை எழுதும்போதே நாலு தரம் எழுந்துபோய்ப் பன்றி இருக்கான்னு பார்த்துட்டு வந்தேன். பதினொன்றுக்கும் மன்னிப்புக் கேட்கும் யோக்கியதை எனக்கில்லை. ஆனால் பன்றியை என் கை தீண்டாது, இது உறுதி. மகளிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

நீண்ட ஆயுளோடும், முக்கியமாகப் பெரிய மனதோடும் வாழ ஆசீர்வதிக்கும்,
மாமனார்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஐந்தாம் தரம் போய்ப் பார்த்தேன். பதினொன்று பளபளக்க, பன்றி மட்டும் ஓரத்தில் குளிக்காத பிள்ளை மாதிரி நின்றது. மனசு கேட்கவில்லை. அத்தை நேற்றே புதுப் பல்பொடி வாங்கி வைத்திருந்தாள். இப்போது பன்னிரண்டும் ஒரே சீராக இருக்கின்றன.