சேவியர் முழங்காலில் முறிவெண்ணெய் வாசம்

எனக்குச் சந்தேகப் புத்தி. ஒத்துக்கொள்கிறேன். பால்காரர் "இன்னைக்குப் பால் நல்லாயிருக்கு" என்றால், "அப்ப நேத்து?" என்று கேட்கிற ஆள் நான்.

எண்பதுகளில் மட்டாஞ்சேரியில் ஓர் எலும்பு டாக்டரிடம் உதவியாளனாக இருந்தேன். தோப்பும்படியிலிருந்தும் வல்லார்பாடத்திலிருந்தும் கால்பந்தாட்டக்காரர்கள் காலை இழுத்துக்கொண்டு வருவார்கள். டாக்டர் பார்த்து முடித்ததும் கட்டுப்போடுவது என் வேலை. டாக்டருக்கு ஜென்ம விரோதி ஒருவர் உண்டு. அடுத்த தெருவில் எண்ணெய் தடவி உழிச்சல் செய்யும் வைத்தியர். "அங்கே போய்வந்தவன் இந்தப் படி ஏறக்கூடாது!" என்று டாக்டர் தினமும் ஒருதரம் கத்தாவிட்டால் அவருக்கு மதியச் சோறு இறங்காது.

முழங்கால் ஜவ்வு பிசகி வந்தவன் சேவியர். ஒரு கம்பெனி அணியில் அவனுக்கு இடமும் நிரந்தர வேலையும் தயாராக இருந்தன. கால் தேறிவிட்டது என்று டாக்டர் கடிதம் தரவேண்டும், அவ்வளவுதான். அந்த வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

ஒரு வெள்ளிக்கிழமை, டாக்டர் அமுக்கிப் பார்த்து அனுப்பிய அவன் காலுக்குக் கட்டுப்போடக் குனிந்தேன். குப்பென்று முறிவெண்ணெய் வாசம்! அடிபட்ட இடத்தில் வைத்தியர் தடவுகிற எண்ணெய் அது.

"எடா, வைத்தியர்கிட்டே போனியா?"

"அய்யோ, இல்ல சேட்டா! மாதா சத்தியமா!"

மாதாவை எதற்கு இழுக்கிறான்? பொய்தான் என்று முடிவுகட்டினேன். அடுத்த வெள்ளியும் அதே வாசம். (என் மூக்கைப் பற்றி எனக்கு அப்போது ரொம்பப் பெருமை.) அப்படியானால் வியாழன் சாயங்காலம்தான் போகிறான். டாக்டரிடம் வெறும் வாயால் சொன்னால் போதுமா? கையும் களவுமாகப் பிடிக்கவேண்டாமா?

மறு வியாழன், வைத்தியர் வீட்டுக்கு எதிரே சாயாக்கடையில் உட்கார்ந்தேன். மூன்றாவது சாயாவில், தலையில் துண்டைப் போர்த்திய ஓர் உருவம் பின்வாசல் வழியாக நுழைந்தது. மாட்டினான்! டாக்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் இல்லை.

"வியாழக்கிழமை அவருக்கு கிளப் மீட்டிங் ஆச்சே" என்றார் டாக்டரின் மனைவி.

"சேச்சி, ஒரு திருட்டைப் பிடிக்கணும். சாட்சிக்கு நீங்களாவது வாங்க."

"எனக்கெதுக்கு இந்த வம்பு?" என்று கேட்கும்போதே செருப்பை மாட்டிவிட்டார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தோம். பலகைமேல் கோவணத்தோடு, உடம்பெல்லாம் எண்ணெய் வழிய ஒரு முதுகு குப்புறக் கிடந்தது. "அகப்பட்டியா சேவியரே!" என்று தோளைப் பிடித்துத் திருப்பினேன்.

டாக்டர்.

வைத்தியர் மட்டும் நிதானமாகச் சொன்னார்: "கதவைச் சாத்துங்க. காத்துப் பட்டா இவருக்கு இடுப்புப் பிடிக்கும்."

"இதுதான் உங்க கிளப்பா?" என்றார் சேச்சி.

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. வாசம் சேவியரின் காலிலிருந்து வந்ததல்ல. அவன் காலை அமுக்கிப் பார்த்த டாக்டரின் கையிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை வந்த எல்லார் காலிலும் அது இருந்திருக்கும். நான் மோந்து பார்த்தது அவன் காலை மட்டும்தானே! ஒரு பாவப்பட்டவன் பிழைப்பில் மண்ணள்ளிப் போட இருந்தேனே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலே கடிதத்தை எழுதினார். (கால் நிஜமாகவே தேறியிருந்தது, சந்தேகம் வேண்டாம்.) பிறகு என்னிடம், "உன்னை வேலையைவிட்டு அனுப்பினா ஊரெல்லாம் சொல்லுவே. இங்கேயே கிட" என்றார். சேவியர் வேலையில் சேர்ந்து, முதல் வேலையாக எனக்கு ஒரு பெட்டி அல்வா கொண்டுவந்தான். "சேட்டன் சொல்லித்தானே சார் கடிதம் குடுத்தார்?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். நான் வெட்கமில்லாமல் அல்வாவை வாங்கிக்கொண்டேன்.

நான் வாயைத் திறக்கவில்லை. சேச்சிதான் திறந்தார், அதுவும் என் கல்யாணப் பந்தியில். இன்றைக்கும் வீட்டில் சாவியோ கண்ணாடியோ காணாமல்போய் நான் நாற்காலியைவிட்டு எழுந்தால் போதும், என் மகள் உள்ளேயிருந்து கத்துவாள்: "அம்மா, அப்பா தேடக் கிளம்பிட்டார்! யாராவது மாட்டிக்கறதுக்குள்ள சீக்கிரம் கண்டுபிடிங்க!"