வடை அக்காவிடம் மட்டும் சொன்னேன்

எழுதிப் பழக்கமில்லாதவள் எழுதுகிறேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதியதோடு சரி. நாலு பேர் முன்னால் பேசவும் வராது. அந்தக் குறை தெரியாமல் இருபது வருஷம் என்னைக் காப்பாற்றியவர் எங்கள் வடை அக்கா.

கோல சிலாங்கூர் வட்டாரத்தில் அவருடைய மோட்டார் சைக்கிளைவிட வேகமாகப் போனது ஒன்றுதான்: அவர் காதில் விழுந்த செய்தி. காலையில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் தொடங்கி, பத்தாங் பெர்ஜுந்தாய் கடைத்தெருவைச் சுற்றி, கம்போங் குவாந்தான் வரை வடை விற்பார். வடை வாங்காதவருக்கும் செய்தி உண்டு.

ஒருமுறை அவர் எதிரில் தும்மிவிட்டேன். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. மதியம் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து நாத்தனார் ஆரஞ்சுப் பழத்தோடு ஓடி வந்து, கதவைத் திறந்த என்னையே கேட்டார்: "எந்த வார்டுல வச்சிருக்காங்க?"

போன மாதம் மகன் செகிஞ்சானில் வீடு வாங்கினான். லயத்தில் முப்பது வீடு. ஒவ்வொரு கதவாகத் தட்டி விடைபெற எனக்குக் கூச்சம். சொல்லாமல் போனால் திமிர் பிடித்தவள் என்பார்கள். வடை அக்கா எதற்கு இருக்கிறார்?

"அக்கா, வர்ற சனிக்கிழமை செகிஞ்சானுக்கு வீடு மாறுறோம்."

வடையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "அப்படியா," என்றார். ஒரு வடை கூடுதலாக வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அன்று யாரும் விசாரிக்க வரவில்லை. மறுநாளும் இல்லை. வெள்ளிக்கிழமை பெட்டியெல்லாம் கட்டியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "தீபாவளிக்கு ஒண்ணா முறுக்கு சுடுவோம்லா," என்கிறாள். அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் வடை அக்காவை வழிமறித்தேன். "என்னக்கா, ஒருத்தருக்கும் சொல்லலையா?"

"நான் என்ன ரேடியோவா? ஒருத்தர் கதைய இன்னொருத்தர்கிட்ட சொல்ற பழக்கமே எனக்குக் கெடையாது லா!"

இருபது வருஷத்தில் அவர் சொன்னதிலேயே பெரிய பொய். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"சொல்லிட்டா நீ போயிடுவியே, புள்ள."

"செகிஞ்சான்தானே அக்கா. முக்கால் மணி நேரம்."

"அவ்ளோ தூரம் என் மோட்டார் வராது." ஹாரன்கூட அடிக்காமல் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை லோரி வந்தது. சாமான் ஏற்ற முப்பது வீட்டிலிருந்தும் ஆள் வந்து நின்றார்கள். அதில் பாதிப் பேர் நான் ஆஸ்திரேலியா போவதாக நினைத்திருந்தார்கள்.