ஏரி தெளிந்தது, உன் அத்தான் குட்டு உடைந்தது

டௌரங்காவில் கடற்காற்று வாங்கிக்கொண்டு சுகமாயிருக்கும் தம்பி கிளாரிக்கு, அக்கா மெர்ல் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தான் லயலும் நலம். உன் மனைவியின் முழங்கால் வலி தேவலையா?

"அந்த ஏரியைச் சுத்தம் பண்றதுக்குப் பதிலா, புல்வெளின்னு பேர் வெச்சுடு" என்று போன வருஷம் கேலி செய்தாயே, உட்கார்ந்து படி. ஏரி தெளிந்துவிட்டது!

நம் மாட்டுப் பண்ணை எருவெல்லாம் மழையோடு ஏரிக்குள் வழிந்து, பாஸ்பரஸ் சேர்ந்து, கோடைக்குக் கோடை பாசி பூத்து, நாலு வருஷமாகப் புத்தாண்டு நீச்சல் நின்றுபோனது உனக்குத் தெரியும். ரொட்டோருவா ஆய்வுக்கூடத்தில் இருக்கிற நம் மருமகள் மரமாதான் வழி சொன்னாள். "நம்ம மலையில வெட்டுற ஜியோலைட் கல்லுதான் அத்தை. அலுமினிய உப்புல ஊறவெச்சுட்டா பாஸ்பரஸைக் கவ்விக்கிட்டு அடியில போய்ப் படுத்துக்கும். பாசிக்குச் சோறு கிடைக்காது." அனுமதியும் அவளே வாங்கினாள். மூட்டை எடுத்துவர உன் அத்தானை அனுப்பியது மட்டும் என் தப்பு. மனிதர் நாற்பது மூட்டை கொண்டுவந்தார். மரமா வரும்வரைகூடப் பொறுக்காமல் அத்தனையையும் ஏரியில் கொட்டினார். பத்து நாள் ஆகியும் பச்சை அப்படியே இருக்கிறது, ஆனால் கரையெல்லாம் லாவெண்டர் மணக்கிறது! மரமா வந்து காலிச் சாக்கைப் படித்தாள்.

"மாமா, இது பூனை கக்கூஸுக்குப் போடுறது!"

"கல்லு ஒண்ணுதானேம்மா?"

"கல்லு ஒண்ணுதான். இது உப்புல ஊறலை, சென்ட்டுல ஊறியிருக்கு."

சரியான மூட்டைகள் வந்ததும், உரம் தூவும் இயந்திரத்தைப் படகில் கட்டி முடுக்கினார்கள். அது கல்லை ஒரு பக்கம் வீச, படகு மறுபக்கம் பம்பரமாய்ச் சுழல, உன் அத்தான் தலைகுப்புற விழுந்து பச்சைத் தவளையாக எழுந்தார். சிரித்த சிரிப்பில் மரமாவும் விழுந்தாள். எப்படியோ தூவி முடித்தார்கள். மூன்றாவது வாரம் தேநீர்க் கோப்பையோடு படித்துறையில் நிற்கிறேன், அடித்தரை தெரிகிறது தம்பி! கூடவே சிவப்பாக ஏதோ தெரிகிறது. பார்த்தால், ஆறு வருஷத்துக்கு முன் திருட்டுப்போனதாக இவர் சொன்ன நாலு சக்கர பைக்!

"பிரேக் பிடிக்கலை மெர்ல்... உள்ளே போயிடுச்சு. நீ திட்டுவேன்னு சொல்லலை" என்று முனகுகிறார். பக்கத்துப் பண்ணை ஹெமிதான் திருடினார் என்று முடிவுகட்டி, ஆறு வருஷமாக அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை! எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வேன். வெட்கம் பிடுங்கித் தின்ன, ஆப்பிள் பை பணியாரம் ஒன்று சுட்டு எடுத்துக்கொண்டு அவர் வாசலில் போய் நின்றேன்.

"என்னை மன்னிச்சிடுங்க ஹெமி."

"எதுக்கு? நீ பேசாம இருந்தியே, அந்த ஆறு வருஷமும் நிம்மதியாத்தான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, பணியாரத்தில் பாதியை அங்கேயே தின்று தீர்த்தார். பிறகு அவரே டிராக்டர் கொண்டுவந்து பைக்கை இழுத்தார். இருக்கைக்கு அடியில் கை தடிமனுக்கு ஒரு விலாங்கு! "குடியிருக்கறவங்களைக் கேக்காம வீட்டை இடிக்கலாமா?" என்று லயலை ஒரு போடு போட்டு, அதைத் தண்ணீரில் விட்டார்.

நேற்று புத்தாண்டு நீச்சல் நடந்தது. அறுபது பேர் நீந்தினோம், ஐம்பத்தொன்பதாவதாகக் கரையேறினேன். கழுத்தளவு தண்ணீரில் நின்று கீழே பார்த்தால் என் கால் விரல் பத்தும் தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது தம்பி.

ஞாயிற்றுக்கிழமை நீச்சல் உடையோடு குடும்பமாக வந்து சேர். எல்லாச் செல்வமும் உன் வீட்டில் நிறைந்திருக்கட்டும்.

அன்புள்ள அக்கா,
மெர்ல்

பி.கு.: உறையை ஒட்டும்போது வெளியே ஒரே இரைச்சல். நேற்று கார்கள் நிறுத்த ஏரிக்கரை வேலியைக் கழற்றிய உன் அத்தான், திரும்பக் கட்ட மறந்துவிட்டார். நூற்றுப் பத்து மாடும் வயிறளவு தண்ணீரில் நின்று நிதானமாகச் சாணி போட்டுக்கொண்டிருக்கின்றன. நீச்சல் உடை வேண்டாம். முழங்கால் பூட்ஸும் மண்வெட்டியும் கொண்டு வா.