கலைமகள் காலடியில் செல்போன்

"ஐயோ, அதை ஏன்டி எடுத்தே?" என்று குளியலறை வாசலிலிருந்தே கத்தினார் தரகர். இடுப்பில் துண்டு, காதோரம் சோப்பு நுரை.

அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவருடைய செல்போனின் நெற்றியில், அதற்கு நெற்றி என்று ஒன்று இருந்தால், சந்தனம் அப்பிக் குங்குமமும் வைத்துவிட்டாள் மனைவி. கையோடு ஸ்விட்ச் ஆஃப் பண்ணியும் விட்டாள்.

"தொழில் பண்ற ஆயுதத்தை எல்லாம் பூஜையில வைக்கணும். பக்கத்து வீட்டுத் தையல்காரி கத்திரிக்கோலை வைக்கிறா. கல்யாணத் தரகருக்கு எது ஆயுதம்? வாயைக் கழட்டி வைக்க முடியாது. அதான் இது."

"இன்னிக்கு ஒருநாள் மட்டும் விட்டுடேன்."

"நாளைக்குக் காலையில எடுத்துக்குங்க. தொழில் விருத்தியாகும்."

படத்தில் வெள்ளைத் தாமரை மேல் சரஸ்வதி அமைதியாக உட்கார்ந்திருந்தாள். இரண்டு கை வீணைக்கு, ஒன்றில் ஏடு, ஒன்றில் ஜபமாலை. மனைவி அதையும் சுட்டிக் காட்டினாள். "பாருங்க, நாலு கை இருந்தும் ஒரு கையிலயாவது போன் இருக்கா? ரெண்டு கையை வெச்சுக்கிட்டு உங்களால ஒருநாள் சும்மா இருக்க முடியலையா?"

சும்மா இருக்க முடியாதுதான். ஊரார் பெண்களுக்கெல்லாம் வரன் பார்த்துக் கொடுத்த மனிதருக்கு, சொந்த மகள் மட்டும் அந்த வேலையை வைக்கவில்லை. தானே பார்த்தாள், தானே கட்டிக்கொண்டாள். தொழிலுக்கே கரி பூசிவிட்டாள் என்று தரகர் குதித்த குதி கொஞ்சமா நஞ்சமா? அன்றோடு பேச்சு நின்று மூன்று வருஷம். மனைவி அந்தப் பெயரை எடுத்தால் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவார்.

அன்று விடிந்ததுமே தையல்காரி மதில் பக்கம் வந்து மெதுவாகச் சொல்லியிருந்தாள். "அண்ணே, உங்க பொண்ணு வீட்டுக்காரருக்கு வெளிநாட்டுல வேலை. சாயங்காலம் விமானம் ஏறுறாங்க. ஏறுறதுக்கு முன்னால, அஞ்சு மணிக்கு அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணும்கிறா. அப்பவும் நீங்க பேசலைன்னா இனிமே தொந்தரவே பண்ண மாட்டாளாம். அதனால..."

"எவளோ எங்கேயோ போறா. எனக்கென்ன வந்துச்சு?" என்று அவள் பேச்சைப் பாதியில் வெட்டிவிட்டு, விறைப்பாக உள்ளே வந்து கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு அங்கேயே நின்று துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தால் அவளே போனைத் துடைத்துக் கையில் கொடுத்திருப்பாள். சொன்னால் மூன்று வருஷ வீறாப்பு என்னாவது? பேச்சுக்கே அதிபதியான சரஸ்வதி எதிரில் நின்றும் தரகருக்கு வாய் வரவில்லை.

வாய் வராதவன் கையை நீட்டுவான். மதியம் மனைவி கொல்லைப்புறம் போன சமயம் பார்த்து, பட்டுத் துணிக்கு அடியில் கையை விட்டார். போனுக்கு மேல் ஜாதகக் கட்டு, அதன் மேல் அரிவாள்மணை, பக்கத்தில் தண்ணீர் நிறைந்த கலசம். அடியில் உருவினால் மேலே நிற்குமா? எல்லாம் சரிந்தது. பிள்ளை வீட்டு ஜாதகமும் பெண் வீட்டு ஜாதகமும் அறை முழுக்கப் பறந்தன. போன் மட்டும் நேராகக் கலசத்துக்குள் குதித்து முங்கிவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள். "குப்புறப் படுத்து என்ன பண்றீங்க?"

"சாஷ்டாங்கமா விழுந்து கும்பிடுறேன்."

"கலசத்துக்குள்ள கையை விட்டா?"

"தீர்த்தம்..."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "பெரிய பக்திமான்தான். விழுந்து கிடக்கிறதைப் பொறுக்கி அடுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

போன் செத்துப்போயிருந்தது. தரகர் சிம்மை உருவி வேட்டி முனையில் முடிந்துகொண்டு, போனைப் பட்டுத் துணிக்கடியில் கிடத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் பாய்ந்தார். தையல்காரி இல்லை. பண்டிகைக்குத் தைத்த துணிகளைக் கொடுக்கக் கடைக்குப் போயிருந்தாள். இரவுக் காவல் வேலை பார்க்கிற அவள் புருஷன் பாதித் தூக்கத்தில் கதவைத் திறந்தார்.

"தம்பி, அவசரம். ஒரு போன் வேணும்."

"அதோ சார்ஜ்ல கிடக்கு, எடுத்துக்குங்கண்ணே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார்.

தரகர் அதிலிருந்த சிம்மைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு தன்னுடையதைச் செருகினார். வீட்டுக்கு வந்து மாடிப்படியில் உட்கார்ந்தார். அஞ்சு மணி ஆயிற்று. போன் அடித்தது. பதறி எடுத்தார்.

"சொல்லுடா கண்ணு... அப்பா மேல இன்னும் கோபமா?"

எதிர்முனையில் பெரிய இருமல். "யோவ் தரகரே, உடம்பு கிடம்பு சரியில்லையா? என் பையன் ஜாதகம் என்னாச்சு?"

அவரைத் துரத்துவதற்குள் பாதி உயிர் போய்விட்டது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. மகளுடைய நம்பர் அவருக்கு மனப்பாடம். தானே கூப்பிடலாம். விரல் கடைசி எண் வரைக்கும் போகும், பிறகு எல்லாவற்றையும் அழித்துவிடும். எடுக்கிற அப்பாவாக இருக்கத் தயாராகிவிட்டார். கூப்பிடுகிற அப்பாவாக இறங்கி வர இன்னும் ஒரு படி பாக்கி இருந்தது. அந்தப் படியிலேயே உட்கார்ந்து பொழுதைப் போக்கினார் பாவி மனுஷன்.

கூரைக்கு மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போனது. அதுதானோ, வேறோ. அது மறையும் வரை அண்ணாந்து பார்த்தார்.

உள்ளே மனைவி விளக்கேற்றினாள். அவரால் அதற்கு மேல் முடியவில்லை. "நம்ம பொண்ணு இன்னிக்கு ஊரை விட்டே போறாடி. போறதுக்கு முன்னால கூப்பிடுறேன்னு சொன்னா. கூப்பிடவே இல்லை" என்று படியிலிருந்தே உடைந்து அழுதார். "மனசு வெறுத்துட்டா போலிருக்கு. நான்தான் பாவி. என் குழந்தையை நான்தான் விரட்டினேன்."

மனைவி தீப்பெட்டியும் கையுமாக அப்படியே நின்றாள். மூன்று வருஷமாகக் காத்திருந்த பேச்சு.

அப்போது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு தையல்காரி மூச்சிரைக்க வந்தாள். "அண்ணே, என் போன் உங்ககிட்டயா இருக்கு? வழியில சிக்கிக்கிட்டேன். பொண்ணு கூப்பிட்டாளா? பேசிட்டீங்களா?"

"இல்லையேம்மா. என் சிம்மைப் போட்டுக்கிட்டு அஞ்சு மணியிலேர்ந்து காத்துக்கிட்டே இருக்கேன். கூப்பிடவே இல்லையே."

தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"உங்க நம்பருக்கு அவ எப்படிண்ணே கூப்பிடுவா, மூணு வருஷமா நீங்கதானே அவளை ப்ளாக் பண்ணி வெச்சிருக்கீங்க? என் நம்பருக்குல்ல கூப்பிடுறேன்னு சொன்னா!"