இருவர் சம்மதித்தாலும் தேவராஜ் சம்மதிக்க வேண்டும்

இரண்டு பேர் மனமொத்து ஒரு காரியத்தை முடித்துக்கொண்டால், மூன்றாவது ஆளாக உள்ளே புகுந்து "இது நியாயமா?" என்று கேட்காவிட்டால் சோறு இறங்காத ஓர் இனம் நாட்டில் உண்டு. கல்யாணப் பேச்சில், வீடு விற்பதில் எல்லாம் இவர்களைப் பார்த்திருப்பீர்கள். நான் சொல்ல வந்தது இவர்களில் புது வகையறா: ஃபேன்டசி கால்பந்து லீக்கில் டிரேடுக்குத் தீர்ப்புச் சொல்லும் பெரிய மனிதர்.

விளையாட்டு தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். சிகந்தராபாத் பக்கம் நாங்கள் பத்துப் பேர். இங்கிலாந்தில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்குப் பதினைந்து பேராகப் பங்கு போட்டுக்கொள்வோம். அவன் அங்கே கோல் போட்டால் நமக்கு இங்கே புள்ளி. ஒருவருக்கொருவர் ஆட்களை மாற்றிக்கொள்ளலாம், அதுதான் டிரேடு. சீசன் முடிவில் கடைசியாக வருகிறவருக்குச் சீட்டுக் கிழியும். உள்ளே வர வரிசையில் ஆள் நிற்கிறது, சும்மாவா?

எங்கள் நீதிபதி தேவராஜ். கோயம்புத்தூர்க்காரர், சைனிக்புரியில் சொந்த வீடு, ஐ.டி. கம்பெனியில் மேலாளர். அவரை யாரும் நியமிக்கவில்லை. லீக் தொடங்கிய அன்று பாஸ்வேர்டு அவரிடம் இருந்தது, அவ்வளவுதான்! ஒரு டிரேடு வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தால், அவர் பெயருக்குக் கீழே 'டைப்பிங்' என்று கால் மணி நேரம் காட்டிக்கொண்டே இருக்கும். அப்புறம் ஓர் எக்செல் வரும். சிவப்புக் கட்டம் என்றால் அநியாயம். பச்சைக் கட்டம் என்றால் அது அவருடைய டிரேடு.

"நான் யாருக்கும் எதிரா பேசறதில்லைங்க, லீக்கோட நேர்மைதானுங்க முக்கியம்" என்று ஆரம்பித்தால் யாருக்கோ ஆப்பு என்று அர்த்தம். தமிழ்ச்செல்வனும் மஹதியும் டிரேடு செய்தால் கூட்டுச்சதி, ஏனென்றால் கணவன் மனைவி. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவர்கள் ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போய் யாராவது பார்த்திருக்கிறோமா? ராமச்சந்திராபுரத்துக்கு ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிற இருவர் செய்தால் சந்தேகம். ஆனால் ஆறு வாரமாக பெஞ்சைத் தேய்த்த கோல்கீப்பரைக் கிட்டுவின் தலையில் கட்டிவிட்டு, அவனுடைய நல்ல ஆட்டக்காரனைத் தேவராஜ் தள்ளிக்கொண்டு போனாரே, அது? அது தொலைநோக்கு.

இப்படி இருக்கையில் பிளெசி வந்தாள். இந்த லீக்கில் இடம் கிடைக்க மூன்று வருஷம் காத்திருந்தவள். முதல் சீசனிலேயே அவளுடைய பதினைந்து பேரில் ஆறு பேருக்குக் காயம். வாரம் பதினொரு பேரை இறக்க வேண்டிய இடத்தில் ஒன்பது பேர்தான் தேறினார்கள். பத்தாம் இடம். அதனால் தன் ஸ்டார் ஸ்டிரைக்கரையும் நொண்டிகள் இருவரையும் ஃபிரெடிக்குக் கொடுத்து, வாராவாரம் தவறாமல் ஆடும் மூன்று சாதாரண ஆட்டக்காரர்களை வாங்கிக்கொள்வதாகப் பேசி முடித்தாள். பதினொன்று ஆயிற்று. கணக்கு சரிதானே?

சனிக்கிழமை காலை ஏ.எஸ்.ராவ் நகர் டிபன் கடையில் விசாரணை.

"ஏனுங்க அம்மிணி, ஸ்டாரைக் குடுத்துட்டு இந்த மூணு பேரையா வாங்குவீங்க? உங்களை ஏமாத்தறாங்க" என்றார் தேவராஜ்.

"ஏமாத்தலண்ணா. நான்தான் போய்க் கேட்டேன்" என்றாள் பிளெசி.

"நீங்களும் ஃபிரெடியும் சர்ச்சுல ஒரே பாட்டுக் குழுதானுங்களே?"

"ஹவ், ஆமா. அதனால?"

"அதானுங்க."

ஃபிரெடிக்குப் பொறுக்கவில்லை. "கைக்கு அண்ணா, எதுக்கு இவ்ளோ பேச்சு? அவளுக்கு ஓகே, எனக்கு ஓகே!"

"எல்லாம் அம்மிணியோட நல்லதுக்குத்தானுங்க."

"இந்த நல்லது எனக்கு நக்கோ அண்ணா, வேணாம்" என்றாள் பிளெசி. "இது நடக்கலைன்னா நான் லீக்ல இருக்க மாட்டேன்."

தேவராஜ் வடையைச் சட்னியில் முக்கியபடி, ஓட்டுக்கு விடலாம் என்றார். டிரேடு பேசிய இருவர் போக மிச்சம் எட்டுப் பேரில் ஐந்து கட்டைவிரல்கள் கீழ்நோக்கின. டிரேடு ரத்து.

மிச்ச வாரங்களை ஒன்பது பேரை வைத்தே ஓட்டினாள். அந்த ஸ்டார் மாய்ந்து மாய்ந்து கோல் போட்டான். இருந்தும் நாலே நாலு புள்ளி வித்தியாசத்தில் கடைசி. மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, 'பிளெசி நீக்கப்பட்டார்' என்று குழுவில் ஒரு வரி. அதற்குக் கீழே தேவராஜின் இரங்கல்: "பாவம், கைல ஸ்டாரை வெச்சுக்கிட்டு கோட்டை விட்டுட்டாங்க."

பற்றிக்கொண்டு வருகிறதல்லவா? தாராளமாகத் திட்டுங்கள். ஆனால் கீழ்நோக்கிய ஐந்து கட்டைவிரல்களில் ஒன்று என்னுடையது. அப்போது நான் ஒன்பதாம் இடம். அவள் ஏறினால் நான்தான் இறங்க வேண்டும். ஆனாலும் பாருங்கள், அந்த டிரேடு அநியாயம் என்று அன்றைக்கு நான் மனப்பூர்வமாக நம்பினேன், சத்தியமாக!

நீங்கள் மட்டும் என்ன? 'இருந்தாலும் இந்தப் பெண் ஸ்டாரைக் கொடுக்கச் சம்மதித்திருக்கக் கூடாது' என்று நடுவில் ஒரு நிமிஷம் நினைத்தீர்களா, இல்லையா? உங்களை யார் கேட்டார்கள்?