மூன்றாம் படிச் சம்பந்தி

வுப்பர்டால், ஜேர்மனி,
ஒகஸ்ட் 2007

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மச்சான் கிறிஸ்தோப்பர் அவர்களுக்கு,

மடுமாதாவின் காவலில் தாங்களும் அக்காவும் ரொறன்ரோவில் சுகமாயிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை புஷ்பமலரும் சுகம். மழையும் வழமைபோல் சுகம்.

எங்கள் மகள் நடாலிக்குத் தாங்கள் பார்த்த கணக்காளர் மாப்பிள்ளை விஷயமாக முடிவு கேட்டிருந்தீர்கள். முடிவைச் சொல்ல முன்னம் நடந்ததைச் சொல்ல வேண்டும். பிள்ளை தன்னோடு படிக்கிற பேனாட் என்ற டொச்சுப் பொடியனை விரும்புகிறாள். அவனுடைய தகப்பன் ஒரு எம்பி. முதியோர் இல்லத்தில் ஆட்களைக் குளிப்பாட்டுகிற நான் எம்பியோடு சம்பந்தம் செய்வதா, ஏணி வைத்தாலும் எட்டாது என்று மறுத்துவிட்டேன். அன்றிலிருந்து பிள்ளை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் போனது.

வேண்டாம் என்று சொல்வதற்கும் விசாரித்துத்தானே சொல்ல வேண்டும்? இந்த நாட்டில் அயலவரிடம் விசாரித்தால் காலை வணக்கம் சொல்லிக் கதவைச் சாத்துவார். அந்த நேரம் பார்த்துப் பேப்பரில் ஒரு செய்தி. எம்பிமார் சம்பளத்துக்கு மேலாலை வெளியிலை என்ன உழைக்கினம் என்பதை இனிமேல் இன்ரநெற்றில் ஊருலகம் பார்க்கப் போட வேணுமாம். மச்சான், அரசாங்கமே கலியாணத் தரகர் வேலை பார்க்குது, அதுவும் தரகுக் காசு இல்லாமல்! நடாலியைக் கூப்பிட்டுத் திறந்து காட்டச் சொன்னேன். சம்பந்தியின்ரை படம், பேர், அதுக்குக் கீழே ஏதோ கொம்பனிக்கு ஆலோசகர் என்று இருந்தது. பக்கத்தில் பார்த்தால், ‘ஸ்டூஃப மூன்று’.

டொச்சில் ஸ்டூஃப என்றால் படி. எங்கடை இல்லத்திலை ஆட்களைப் படிப்படியாகத்தான் பிரிக்கிறது. முதலாம் படி என்றால் கையைப் பிடித்தால் நடப்பினம். மூன்றாம் படி என்றால் படுத்த படுக்கை. சாப்பாடு தீத்த வேணும், கழுவ வேணும், பிரட்டிப் படுக்க வைக்க வேணும்.

“பிள்ளை, இது மூண்டாம் படியோ?”

“ஓம் அப்பா.”

“வடிவாப் பார்.”

“மூண்டுதான் அப்பா. அதுக்கு மேலை இல்லை.” தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு நெஞ்சு கரைந்து, பிள்ளைக்கு முன்னாலேயே கண்ணீர் வந்திட்டுது. அடுத்த நாள் வேலை முடிந்து தொங்கு ரயிலில் வாறேன். கீழே ஆறு, மேலே தண்டவாளம், நடுவில் தொட்டில் மாதிரி ஆட்டம், கண் சொருகிவிட்டது. பார்த்தால் ரயிலுக்குள்ளே ஒரு வெள்ளைக் கட்டில், கட்டிலில் சம்பந்தி. நான் இளஞ்சூட்டுத் தண்ணியில் முகம் துடைத்துக் கரட் சூப் தீத்துகிறேன். “இன்னும் கொஞ்சம்” என்று தமிழில் கேட்கிறார். ரயில் ஒரு தரிப்பிலும் நிற்காமல், அவரும் நானுமாக மேகத்துக்குள்ளாலை மெல்லமெல்லப் போகிறோம். வெளியே நடாலி கலியாணச் சேலையோடு மிதந்துகொண்டு கை காட்டுகிறாள். கண் முழித்தால் கடைசித் தரிப்பு, கன்னமெல்லாம் ஈரம். மச்சான், கனவிலை என்றாலும் ஒரு மனுசனுக்குத் தீத்தின பிறகு அவரோடை பகை வைச்சிருக்க ஏலாது.

சனிக்கிழமை இல்லத்தில் ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி, புஷ்பமலரின்ரை கரட் சூப்பைச் சுடுதண்ணிப் போத்தலில் ஊற்றி, நடாலியையும் கூட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது சைக்கிள் காற்சட்டையோடு ஆறடி ஆள். மலையில் சைக்கிள் ஓடிவிட்டு அப்போதுதான் வந்தவராம். நான் பதறிப்போய், “ஐயா, ஏன் எழும்பினனீங்கள், படுங்கோ!” என்று டொச்சில் கத்திவிட்டேன். பேனாட் வாயைப் பொத்தினான். நடாலி முகட்டைப் பார்த்தாள். பிறகுதான் அந்த மனுசன் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அது நோய் வருத்தத்தின்ரை படி இல்லையாம், வருமானத்தின்ரை படியாம். மூன்றாவதுதான் உச்சப் படியாம். அதைக் கேட்டுக் கடைசியில் சக்கர நாற்காலியில் பொத்தென்று இருந்தது நான்தான். என்னை வாசல் வரைக்கும் தள்ளிக் கொண்டுவந்து விட்டதும் சம்பந்திதான். நாற்காலியையும் சூப்பையும் அங்கேயே விட்டுவிட்டு ஓடி வந்தேன்.

இனி எந்த முகத்தோடு அந்தப் படியேறுகிறது? ஆகையால் முடிவாக எழுதுகிறேன். கணக்காளர் மாப்பிள்ளைக்கே எங்கள் சம்மதம். அவர்களிடம் சொல்லிவிடுங்கோ.

அக்காவுக்கு எங்கள் அன்பு. பனிக்காலத்துக்கு முன் தங்கள் முழங்கால் நோவை மாதா மாற்றித் தருவாராக.

தங்கள் அன்பு மச்சான்,
அம்புறோஸ்

பி.கு.: உறை ஒட்ட முன்னம் மணி அடித்தது. சம்பந்தி! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு தொங்கு ரயிலிலை வந்திருக்கிறார். வெறும் போத்தலை நீட்டி, “இன்னும் கொஞ்சம்” என்றார். தமிழில், மச்சான், கனவிலை கேட்ட மாதிரியே! நடாலி பேனாட்டுக்குப் படிப்பிக்க, பேனாட் தகப்பனுக்குப் படிப்பிச்சதாம்.

“அண்டைக்கே உனக்கு எல்லாம் தெரியுமே, பிள்ளை?” என்று கேட்டேன்.

“ஓம் அப்பா. நீங்கள் விசாரிச்சது அவரின்ரை காசை. அழுதது அவரின்ரை வருத்தத்துக்கு. அப்ப உங்களைப் பாக்க எனக்கு ஆசையா இருந்தது, அதுதான் திருத்தேல்லை.”

கணக்காளர் வீட்டிலை எனக்காக மன்னிப்புக் கேளுங்கோ. மேலே எழுதின முடிவை வெட்டிவிட்டு வாசியுங்கோ. புஷ்பமலர் கரட் வெட்டுகிறாள், பிள்ளை எனக்குப் பக்கத்திலை இருந்து கதைத்துக்கொண்டிருக்கிறாள்.