கழுவிய தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அங்கே நலமா என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பாப்பாவின் முதுகில் சொறி இன்னும் ஆறவில்லை என்று நீ போனில் சொன்ன பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். மாமாவுக்கு என் வணக்கம்.

எங்கள் சாயப்பட்டறைக்குப் புதிதாக ஒரு கறுப்புத் தூள் வந்திருக்கிறது. சாயத் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால் சாயத்தையெல்லாம் தன்மேல் ஒட்டிக்கொள்ளும், பிறகு தொட்டிக்கு வெளியே காந்தத்தை வைத்தால் தூள் சாயத்தோடு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும், பொய்யில்லை அக்கா, உண்மையிலேயே நிற்கிறது. முதல் நாளே அந்தக் காந்தம் மேனேஜரின் சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டது, அதை நெம்பி எடுக்கப் போன ஃபிட்டரின் ஸ்பானரும் போய் ஒட்டிக்கொண்டது, நடுவில் ஃபிட்டரின் விரல் இருந்தது, அவர் போட்ட சத்தத்தில் சோதனைக்கு வந்திருந்த மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி ஓடிவந்து, விரலைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்த்து, "பிரமாதம்" என்றார். முதலாளி ஒரு டம்ளர் மொண்டு குடித்தே காட்டினார். போட்டோ எடுத்தார்கள்.

தூளை மறுபடி பயன்படுத்த வேண்டுமே. அதற்குக் காஸ்டிக் சோடா கரைத்த காரத் தண்ணீரில் கழுவி, பிடித்த சாயத்தைக் கக்கவைக்க வேண்டும். அது என் வேலை. கழுவிய தண்ணீர் மை மாதிரி கெட்டியாக நிற்கிறது. அதற்கென்று தனித் தொட்டி கட்டவே இல்லை.

"இத எங்க சார் விடுறது?" என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"எப்பவும் விடுற எடத்துலதான்."

"அது ஆத்துக்குல்ல போகுது. எங்க அக்கா வீடு கீழ ஆத்தோரந்தான் இருக்கு."

"அதிகாரி பாக்குறது தொட்டிய, தம்பி. உங்க அக்காவ இல்ல."

முன்னாடியெல்லாம் நாள் முழுக்க நீர்த்து வந்த விஷம் இப்போ ஒரே மூச்சா, காரத்தோட சேந்து வருது அக்கா. வாசல்ல சுத்தமான பட்டறைன்னு போர்டு வேற மாட்டிட்டாங்க. பாப்பா முதுகுல இருக்குறது நான் தொறந்துவிட்டது. நாளைக்கே வேலைய விட்டுட்டு, அந்த அதிகாரிகிட்ட நேராப் போய்ச் சொல்லப்போறேன்.

பாப்பா சீக்கிரம் குணமாகி ஓடியாட வேண்டும்.

அன்புடன்,
உன் தம்பி

பி.கு.: இதைத் தபாலில் போடுவதற்குள் மறுநாள் ஆகிவிட்டது. அதிகாரியைத் தேடி அலைய வேண்டி வரவில்லை. ஓய்வுபெற்று எங்கள் பட்டறையிலேயே ஆலோசகராகச் சேர்ந்துவிட்டார். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, விவரமான பையன் என்று மெச்சி, கழுவும் பகுதிக்கு என்னையே சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். ஒப்புக்கொண்டேன். கழுவும் நாளை உனக்கு முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறேன், அன்றைக்குப் பாப்பாவை ஆற்றில் குளிப்பாட்டாதே. அக்கம்பக்கத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம். சொன்னால் என் வேலை போய்விடும்.